இல்லாத பந்து

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். உன் அப்பாவும் நலம், இப்போது வீட்டில் பெரிய தொல்லையே அதுதான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், போனில் கேட்டால் 'ம்' என்கிறாய், அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று பிறகு நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், இதைப் பாதியில் துண்டித்துவிட்டுப் போக உன்னால் முடியாது. விடுமுறைக்கு வருகிறோம், பதினைந்து நாள், நம் வீட்டில் தங்குவதா சித்தி வீட்டில் தங்குவதா என்று கேட்டாய். கூடவே, 'அவர் நிஜமாவே குடிய விட்டுட்டாரா, இல்ல இதுவும் போன தடவை மாதிரி மூணு மாசக் கூத்தா' என்றும் கேட்டாய். ஆறு வருஷமாக அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்விதான். நான் சிபாரிசு செய்யப் போவதில்லை, சிபாரிசு செய்து செய்து எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன், எங்கே தங்குவது என்று நீயே முடிவு செய். சித்தி கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிவிட்டாள், 'பந்துக்காரி எப்ப வரா' என்று தினமும் கேட்கிறாள். அவள் உன்னை அந்தப் பெயரில் கூப்பிடுவதை என்னால் இன்னும் நிறுத்த முடியவில்லை, அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆரம்பம் உனக்கு முழுசாகத் தெரியாது, அவர் பேச்சை எடுத்தாலே 'அம்மா, வேலை இருக்கு' என்று வைத்துவிடுவாய். கண்ணாடி வெட்டுகிற மனுஷனுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் முதலாளி வெட்டுக்கத்தியை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இவரைத் தூசி துடைக்கவும் பழைய பேப்பரில் கண்ணாடி சுற்றவும் விட்டாரே, அதுவரைக்கும் நீ பார்த்திருக்கிறாய். போன வருஷம் ஒரு நாள் கடையில் கண்ணாடி மாட்டுகிற ஆள் லீவு. டயர் கடைக்கு மேலே மாடியில் ஒரு ஜெபக்கூடம் வந்திருக்கிறது, அங்கே ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்துபோனது. முதலாளி வேறு வழியில்லாமல் உன் அப்பாவை அனுப்பினார். ஐயா முதல் கண்ணாடியை மாடிப்படியிலேயே போட்டு உடைத்தார். இரண்டாவதைச் சட்டத்தில் வைக்கும்போது உடைத்தார். மூன்றாவது எப்படி உடைந்தது என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்த போதகர் திட்டவில்லை, கடைக்குப் போன் போடவும் இல்லை, நாலாவது கண்ணாடிக்கு வந்து மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, 'கை நடுங்கினா நடுங்கட்டும், நான் விட மாட்டேன், நீங்க ஆணிய அடிங்க' என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் உன் அப்பா படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம். இருபத்தாறு வருஷமாக இன்னொரு ஆளும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், அவளைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. இருக்கட்டும்.

அந்தப் போதகர் முன்னால் பேருந்து நடத்துநராக இருந்தவர். இன்னமும் ஆராதனை தொடங்கும்போது 'முன்னாடி வாங்க, முன்னாடி எடம் இருக்கு, வாசல்ல நிக்காதீங்க' என்றுதான் சொல்கிறார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஆள் விவரமானவர். இவரை நேராக மண்டியிட வைக்கவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனார். 'ஜெபத்தை நான் பாத்துக்கிறேன், நடுக்கத்தை டாக்டர் பாத்துக்கட்டும்' என்றார். பத்து நாள் படுக்கையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அதாவது உன் அப்பாவின் கால் தானாகச் சாராயக் கடைப்பக்கம் திரும்புகிற நேரத்துக்கு, போதகர் வந்து நம் சோஃபாவில் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. ஒரு டம்ளர் தேநீருக்கு நாலு கரண்டி சர்க்கரை. உன் அப்பாவின் குடியை நிறுத்துவதற்குள் என் சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணிவிட்டார். இரண்டு பேரும் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு பாதி நேரம் பேருந்துக் கதை பேசுவார்கள், பாதி நேரம் ஜெபம். நான் இருபத்தாறு வருஷம் கேட்டுக் கேட்டு வாய் திறக்காத கடவுள், டயர் கடை மாடியில் மைக் பிடித்த ஆள் கேட்டதும் ஓடி வந்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இப்போதும் வருகிறது, அதை அவரிடமே (கடவுளிடம்தான்) சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு சாயங்காலம் போதகர் வர நேரமாகிவிட்டது, உன் அப்பா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, 'ஆறரை வரைக்கும் ஆண்டவரே, ஆறரை வரைக்கும் மட்டும்' என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் வாசலைத் தாண்டவில்லை. நான் சமையலறையில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்குகிற நேரமாக இருந்தது, நல்லதாகப் போயிற்று.

அதோடு விட்டிருந்தால் உனக்கு நான் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். அங்கே சாட்சி என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாராவது மேலே ஏறி, தான் எப்படிக் கெட்டு எப்படி மீண்டோம் என்று ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 'அல்லேலூயா' என்று சத்தமாகச் சொல்வார், இறங்கு என்று அர்த்தம். அங்கே ஒரு பெயின்டர் இருக்கிறார், அவரும் முன்னாள் குடிகாரர், அவர்தான் அந்த மேடைக்கு ராஜா. போதையில் கிணற்றில் விழுந்து மூன்று நாள் தண்ணீரில் கிடந்து ஒரு குரல் கேட்டு எழுந்தவராம். மூன்று நாள் என்பது நான் போன முதல் வாரம், பிறகு அது ஐந்து நாளாகி, ஒரு பாம்பும் வந்து சேர்ந்தது. அவர் பேசினால் பெண்கள் எல்லாரும் தேம்பித் தேம்பி அழுகிறார்கள். உன் அப்பா முதல் தடவை ஏறி, 'இருபத்தாறு வருஷம் குடிச்சேன், ஆண்டவர் நிறுத்தினார், ஸ்தோத்திரம்' என்று இறங்கிவிட்டார். ஒரு கண்ணும் கலங்கவில்லை, ஒரு கிழவர் கொட்டாவி விட்டார். அது மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை சாக்கடையில் விழுந்து கிடந்தேன் என்றார். எந்தச் சாக்கடை? நம் வீட்டுச் சோஃபாவில் கிடந்தார், நான் தரையில் கிடந்தேன். அதற்கடுத்த தடவை ரயில் தண்டவாளத்தில் படுத்தேன் என்றார், நம் வீட்டிலிருந்து தண்டவாளத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும், போதையில் எப்படி மாறினார் என்று கேட்கலாமென்று கை தூக்கப் போனேன். பிறகு ஒரு ஞாயிறு, 'என் மனைவி ராப்பகலா தைச்சுக் குடும்பத்தக் காப்பாத்தின மெஷின, அந்த மெஷினயே வித்துக் குடிச்ச பாவி நான்' என்றார். அன்றைக்கு அழாத ஆளே இல்லை. பெயின்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொறாமையில் என்று நினைக்கிறேன். நான் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

நீதான் அந்த மெஷினைப் பார்த்திருக்கிறாயே, அது எங்கும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் அதே மெஷினில் உட்கார்ந்து, திரைச்சீலைக் கடைக்காரருக்கு அவசரமாகக் கொடுக்க வேண்டிய பன்னிரண்டு ஜன்னல் திரையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் ஜெபக்கூடத்துப் பெண்கள் சங்கம் மொத்தமும் நிற்கிறது, முன்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, பின்னால் ரிப்பன் கட்டின புத்தம்புதிய தையல் மெஷின். எனக்காம். ஆளாளுக்குக் கையில் இருந்ததைப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் இவர் எதிரில் நின்றிருந்தால் கத்தரிக்கோலை எறிந்திருப்பேன். ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? பாதி தைத்த திரையை இழுத்துப் பழைய மெஷின் மேல் போட்டு மூடிவிட்டது. மேலே ஒரு தட்டையும் வைத்தேன், சாப்பாட்டு மேஜை மாதிரி தெரியட்டும் என்று. பிறகு கதவைத் திறந்து, 'எதுக்குங்க இதெல்லாம்' என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். தலைமையாசிரியை என்னைக் கட்டிப்பிடித்து, 'நீங்க எவ்வளவு பட்டிருப்பீங்க' என்று விம்மினார். பட்டேன், அம்மா, பட்டேன், ஆனால் மெஷின் விஷயத்தில் இல்லை என்று சொல்ல முடியுமா? இருபத்தாறு வருஷம் காலையில் கடை முதலாளிக்குப் போன் போட்டு 'அவருக்குக் காய்ச்சல்' என்று நான்தான் பொய் சொன்னேன். குடியை நிறுத்தினால் அந்த வேலை போகும் என்று நினைத்தேன். இப்போது பதவி உயர்வு, கடவுள் வீட்டுப் பெண்களிடமே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வந்ததும் ஒரு பிடி பிடித்தேன். செய்யாத பாவத்தை எல்லாம் எதற்கய்யா சொல்லி அழுகிறீர்கள் என்று கேட்டால், குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, 'அவன் கிணத்துல விழுந்தான், நான் சோஃபாவுல விழுந்தேன்னு சொன்னா யாருடி அழுவாங்க' என்கிறார். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. 'ஏன், சொல்றதுக்கு ஒங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லையா, அதோ அந்த ஜன்னல் இருக்கே' என்று உன் அறையைக் காட்டிவிட்டேன். உன் அறை ஜன்னலில் இருபத்தொரு வருஷமாகக் கண்ணாடி இருந்ததில்லை, பிளைவுட் அடித்து வைத்திருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவர் வீட்டில் பிளைவுட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, 'எம்பொண்ணு பந்து வெளையாடி ஒடச்சிட்டா, மறுபடி ஒடப்பா' என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அப்படித்தான் நீ பந்துக்காரி ஆனாய். உன்னிடம் ஒரு நாளும் பந்து இருந்ததில்லை. அவர் மெஷின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மணி ஆறு. நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். வாய்க்கொழுப்பால் பதினோரு மாசத்தை ஒரே நிமிஷத்தில் கெடுத்துவிட்டேனே என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன், ஆண்டவரே ஆறரை வரைக்கும், ஆறரை வரைக்கும் என்று என் வாயிலும் அதுதான் வந்தது. எட்டு மணிக்கு வந்தார். கதவைத் திறந்ததும் வாயை மோந்து பார்த்தேன், வெட்கமில்லை, தினமும் பார்க்கிறேன். தேநீர் வாசனை, போதகர் வீட்டுத் தேநீர், சர்க்கரை அதிகம். 'மெஷின நாளைக்குத் திருப்பிக் கொடுத்துரலாம்' என்றார், அவ்வளவுதான், படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. ரிப்பனைக்கூட அவிழ்க்காத மெஷினைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம், அந்த மாடிப்படியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. பெண்கள் சங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் மேலே ஏறினார். மைக்கைத் தொடவில்லை. 'மெஷின் விக்கல. வீட்டுலதான் இருக்கு. தண்டவாளமும் பொய், சாக்கடையும் பொய்' என்றார். தலைமையாசிரியை முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னார், நான் கேட்டது கேட்டபடி எழுதுகிறேன். 'எம்பொண்ணு அறை ஜன்னலுக்கு நான்தான் கண்ணாடி போட்டேன். சட்டத்துக்கு எட்டு ஆணி அடிக்கணும். குடிக்கப் போற அவசரத்துல மூணு அடிச்சேன். மறுநாள் காலைல அவ ஜன்னலத் தொறந்தா, கண்ணாடி கழண்டு கைல விழுந்துச்சு. ஒம்போது வயசு. பதினோரு தையல். பந்து பட்டு ஒடஞ்சுச்சுன்னு டாக்டர்கிட்ட அவளையே சொல்ல வச்சேன். அவகிட்டப் பந்தே கெடையாது.' இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாரும் ஆமென் சொல்லவில்லை, ஒருத்தரும் அழவில்லை. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது, பதினோரு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி நடுங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியை இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை, மெஷின் ஜெபக்கூடத்து மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. ஆனால் அடுத்த வாரம் பெயின்டர் மேலே ஏறித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கிணற்றில் கிடந்தது ஐந்து நாள் இல்லை, அரை மணி நேரம், தண்ணீரும் முழங்கால் அளவுதான், பாம்பு கிடையாது என்றார். இப்போது அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் பாவங்களின் அளவு குறைந்துகொண்டே வருகிறது, போதகர் பத்து நிமிஷம் முன்னதாகவே ஆராதனையை முடித்துவிடுகிறார்.

இவ்வளவு கேலி செய்துவிட்டேன், இனி என் பங்கு. அன்று அவர் சொன்ன சாட்சியில் ஒரு பொய் மிச்சம் இருந்தது. பந்து என்று உன்னைச் சொல்ல வைத்தது அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்க முடியாமல் நின்றார், பக்கத்தில் போனால் நாற்றம். டாக்டர் 'எப்படி ஆச்சு' என்று உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான்தான் முந்திக்கொண்டு 'பந்து வெளையாடினா டாக்டர்' என்றேன், உன் நல்ல கையை அழுத்தினேன், 'ஆமான்னு சொல்லு' என்று அர்த்தம். நீ ஆமாம் என்றாய். டாக்டர் உன்னைத் திட்டினார், ஜாக்கிரதையாக விளையாடு என்று, நீ தலையை ஆட்டினாய். அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல அது எனக்குத் தானாக வந்தது. அவரை நீ ஆறு வருஷமாக மன்னிக்கவில்லை, என்னோடு வாராவாரம் பேசுகிறாய், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது, இருந்தும் சுகமாக இருந்தது. அவர் அன்று என் பாவத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு சொன்னார், நான் எழுந்து 'இல்லை, அது நான்' என்று சொல்லியிருக்க வேண்டும். கைப்பை வாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கேலி பேசுகிற வாய்க்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன், கண்ணே, என்னை மன்னித்துவிடு. அவரிடமும் சொல்லிவிட்டேன், 'விடு, ரெண்டு பேரும் சேந்து தூக்கின கண்ணாடிதானே' என்கிறார், எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

விட்டாரா என்று கேட்டாய். இன்றோடு ஒரு வருஷமும் ஒன்பது நாளும் ஆகிறது. நாளைக்குக் குடிக்க மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அவரே செய்வதில்லை, ஆறரை வரைக்கும் என்றுதான் இன்னும் கேட்கிறார். முதலாளி வெட்டுக்கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் முதலில் வெட்டியது உன் அறைக் கண்ணாடிதான், பிளைவுட்டைக் கழற்றிவிட்டார். திரை நான் தைக்கவில்லை. ஊர் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறவள், இதற்கு மட்டும் கை வரவில்லை. காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், வேண்டுமென்றால் நீ வந்து சொல், தைக்கிறேன். சித்தி வீட்டு மெத்தைதான் வசதி என்றால் அங்கேயே இரு, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம் கோபித்துக்கொள்வேன். எங்கே தங்கினாலும் வண்டி வந்து சேரும் நேரத்தை முன்னதாக எழுது, பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும், மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே. வெந்நீரில் ஒத்தடம் கொடு, மாத்திரையாக முழுங்க விடாதே.

உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அவரிடம் பேனாவைக் கொடுத்தேன். அரை மணி நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மைக்கைக் கொடுத்திருந்தால் ஏதாவது வந்திருக்குமோ என்னவோ. கடைசியில் பேனாவை என்னிடமே நீட்டி, 'எட்டும் அடிச்சிருக்கேன்னு எழுது' என்றார். நான் போய் எண்ணிப் பார்த்தேன். எட்டு இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்ல அவசியமே வராமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பந்து என்று முதலில் சொன்ன
உன் அம்மா